கூத்தாடி கையில் கில்லட்டின்: கொலோ தெர்புவாவை எப்படிப் படிப்பது?

மேடைப்பூனை (இழை தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. மூன்று வாரமாக ஒரே ஆளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பெயர் ழான்-மரி கொலோ தெர்புவா. பிரெஞ்சுப் புரட்சி என்றதும் ரோபெஸ்பியர், தாந்தோன், மாரா என்று மூன்று பெயர் சொல்வோம். இவர் பெயர் யார் வாயிலும் வராது. ஆனால் 1793 செப்டம்பரிலிருந்து பிரான்சை உண்மையில் ஆண்டது பொதுப் பாதுகாப்புக் குழு என்ற பன்னிரண்டு பேர். அதில் இவரும் ஒருவர். அந்தப் பன்னிரண்டில் மேடையேறிப் பிழைத்தவர் இவர் மட்டும்தான்.

பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது 1749, பாரிஸ். பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை. குடும்பப் பெயர் வெறும் கொலோ. 'தெர்புவா' என்பது மேடைக்காக ஒட்டவைத்த வால், கேட்டால் ஏதோ பெரிய வீட்டுப் பெயர் மாதிரி இருக்கும். இருபது வயது ஆவதற்குள் நாடகக் குழுவில் சேர்ந்து போர்தோ, நாந்த், லியோன் என்று ஊர் ஊராகப் போனார். நடித்தார், நாடகம் எழுதினார், குழுவை நடத்தினார். ஸ்பெயின் நாடகாசிரியர் கால்தெரோனின் கதை ஒன்றைத் தழுவி 1770களில் அவர் எழுதிய நாடகம் நன்றாகவே ஓடியது. 1780களில் ஜெனீவாவில் அரங்க நிர்வாகி, 1787ல் லியோனில் நிர்வாகி. 1789ல், நாற்பது வயதில், பாரிஸ் திரும்புகிறார். அடுத்த ஏழு வருடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது, உயிர் உட்பட.

என் பிரச்சினை இதுதான். எந்தப் பழைய வரலாற்றைத் திறந்தாலும் இவரைப் பற்றி ஒரே ஒரு கதை இருக்கிறது: லியோன் ரசிகர்கள் இவரைக் கூச்சல் போட்டு மேடையிலிருந்து இறக்கினார்களாம், அந்த வஞ்சத்தில்தான் 1793ல் அந்த ஊரையே பீரங்கி வைத்துச் சுட்டாராம். இது உண்மையா, இல்லை நடிகன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று யாரோ கட்டிவிட்டதா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

---

கடைசிபெஞ்ச்

இதில் ஆராய என்ன இருக்கிறது பாஸ்? கைதட்டலுக்கு ஏங்கினவன் கையில் அதிகாரம் போனால் இதுதான் நடக்கும். கூவினவனை எந்த நடிகனும் மறக்க மாட்டான்.

---

கேள்விக்குறி

எனக்கு அடிப்படையே தெரியாது. லியோனில் என்னதான் நடந்தது? ஏன் அந்த ஊர் மட்டும்?

---

மேடைப்பூனை

@கேள்விக்குறி, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லியோன் பட்டு நெசவு ஊர், பிரான்சின் இரண்டாவது பெரிய நகரம். 1793 மே 29ல் அங்கே ஜாக்கோபின்கள், அதாவது தீவிரப் புரட்சிக்காரர்கள், கையிலிருந்த நகராட்சியைக் கவிழ்த்துவிட்டார்கள். ஜாக்கோபின் தலைவர் ஷாலியேவை ஜூலை 16ல் கில்லட்டினில் வைத்தார்கள். கத்தி ஒரே வீச்சில் இறங்கவில்லை, திரும்பத் திரும்ப விழுந்தது. இந்தத் தகவல் பாரிஸில் எப்படி எரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். படை முற்றுகையிட்டு, அக்டோபர் 9ல் ஊர் வீழ்ந்தது. மூன்றே நாளில் கன்வென்ஷன், அதாவது அன்றைய நாடாளுமன்றம், ஒரு ஆணை போடுகிறது: பணக்காரர் வீடுகளை இடிக்க வேண்டும், ஊரின் பெயரையே அழிக்க வேண்டும், இனி அது 'விடுவிக்கப்பட்ட நகரம்'. இடிபாட்டின் மேல் ஒரு தூண் நட்டு, "லியோன் சுதந்திரத்தின் மீது போர் தொடுத்தது, லியோன் இனி இல்லை" என்று பொறிக்க வேண்டும்.

முதலில் அங்கே இருந்தவர் அதே பன்னிரண்டு பேர் குழுவின் கூத்தோன். அவருக்கு அந்த வேலையில் மனம் ஒட்டவில்லை, மாற்றிவிடச் சொல்லிக் கேட்டார். நவம்பர் 4ல் கொலோ போய் இறங்குகிறார், கன்வென்ஷன் உறுப்பினர் ஃபூஷே பின்னாலேயே வருகிறார். நவம்பர் 10ல் ஷாலியேவுக்கு அஞ்சலி ஊர்வலம். அதில் ஒரு கழுதைக்குப் பிஷப்பின் தொப்பியை மாட்டி, வாலில் பைபிளைக் கட்டித் தெருத்தெருவாக நடத்தினார்கள். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் எத்தனை பேர் சிரித்தார்கள், எத்தனை பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

அப்புறம் டிசம்பர் 4. கில்லட்டின் வேகம் போதவில்லை என்று முடிவாகிறது. ரோன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோத்தோ என்ற வெட்டவெளி. சுமார் 60 பேரை, பெரும்பாலும் இளைஞர்கள், இரண்டிரண்டாகக் கட்டி, ஏற்கெனவே வெட்டிவைத்த இரண்டு பள்ளங்களுக்கு நடுவே நிறுத்துகிறார்கள். சிதறு குண்டு நிரப்பிய பீரங்கி. ஒரே வெடியில் எல்லாரும் சாகவில்லை. மீதிப் பேரை வீரர்கள் வாளோடு போய் முடிக்க வேண்டியிருந்தது. மறுநாள் 200க்கும் மேல். இதை வீரர்களாலேயே தாங்க முடியவில்லை. பிறகு பீரங்கியை விட்டுவிட்டுத் துப்பாக்கிக்கும் கில்லட்டினுக்கும் திரும்பினார்கள். மொத்தத்தில் ஏறத்தாழ 1,900 உயிர்.

---

கடைசிபெஞ்ச்

சரி, இதைப் படித்த பிறகும் "கட்டுக்கதையா" என்று கேட்பீர்களா?

---

வக்கீல்சார்

கடைசிபெஞ்ச் தம்பி, சாவு கட்டுக்கதை என்று யாரும் சொல்லவில்லை. அதற்குச் சொல்லும் காரணம் கட்டுக்கதையா என்பதுதான் கேள்வி. முப்பது வருடம் கோர்ட்டில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், நோக்கம் வேறு, குற்றம் வேறு.

முதல் சாட்சி: அந்த ஊர் இவரை 1787ல் நாடக அரங்கின் நிர்வாகியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. கூவி விரட்டின ஆளையா கூப்பிட்டுப் பொறுப்புக் கொடுப்பார்கள்? இரண்டாவது: கூவல் கதை கொழுப்பது அவர் விழுந்த பிறகு எதிரிகள் அடித்துத்தள்ளிய துண்டுப் பிரசுரங்களில். விழுந்தவன் மேல் எதை வேண்டுமானாலும் எழுதலாம், மறுக்க ஆள் இருக்காது. சமகாலப் பதிவு எதுவும் இதற்குத் துணை வரவில்லை என்பதால் இன்றைய ஆய்வாளர்கள் பலர் இதை ஒதுக்கிவிட்டார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். "லியோன் இனி இல்லை" என்ற அந்த நாடக வசனத்தை எழுதியது யார்? கொலோ இல்லை. அந்த ஆணையைக் கொண்டுவந்தவர் பொதுப் பாதுகாப்புக் குழுவின் பரேர். தொழில்: வக்கீல். அப்புறம் கூத்தோன். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், கூத்தோன் கூத்தாடி இல்லை, அவரும் வக்கீல்தான். கால் விளங்காதவர். அவரை நாற்காலியில் தூக்கிக்கொண்டு போய் பெல்கூர் சதுக்கத்தில் வீட்டுச் சுவர் பக்கம் வைப்பார்கள். கையில் இருக்கும் சின்னச் சுத்தியலால் சுவரில் ஒரு தட்டு. சட்டத்தின் பெயரால் இந்த வீடு இடிக்கப்படுகிறது. பின்னால் வேலையாட்கள் கடப்பாரையோடு நிற்பார்கள். சொல்லுங்கள், இதைவிடப் பெரிய நாடகக் காட்சியை எந்த நடிகன் போட்டிருக்கிறான்?

நாந்த் நகரத்தில் கைதிகளைப் படகில் ஏற்றி லுவார் ஆற்றில் மூழ்கடித்த காரியேவும் எங்கள் ஆள்தான், சட்டத் தொழில். அவரைப் பற்றி "வழக்கில் தோற்ற கடுப்பில் கொன்றார்" என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? இல்லை. எங்களுக்கு அந்தச் சலுகை உண்டு.

---

அரிதாரம்60

வக்கீல் ஐயா சொன்னதற்கு ஒரு துணைச் சாட்சி. நான் நாற்பது வருடம் அரிதாரம் பூசினவன், பெரிய பெயரெல்லாம் இல்லை.

நம் மொழியில் 'கூத்தாடி' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. கூத்து ஆடுபவன் என்று பொருள், அவ்வளவுதான். ஆனால் அது வாயிலிருந்து வரும்போது எந்தத் தொனியில் வரும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தக் கால பிரான்சில் இந்தத் தொனி வெறும் பேச்சோடு நிற்கவில்லை. நடிகர்களைத் திருச்சபை விலக்கிவைத்திருந்தது. சாகும் தறுவாயில் தொழிலைக் கைவிடுகிறேன் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் முறையான அடக்கம் கிடையாது. மொலியேர் 1673ல் இறந்தபோது அரசர் தலையிட்டு, இரவில், சத்தமில்லாமல் புதைத்தார்கள். 1730ல் அத்ரியேன் லெகூவ்ரர் என்ற பெரிய நடிகைக்கு அதுகூட இல்லை, பிரார்த்தனையே இல்லாமல் எங்கோ கொண்டுபோய்ப் போட்டார்கள். அரசவையே எழுந்து கைதட்டும், கல்லறைக்கு மட்டும் இடம் இல்லை.

1789 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் விவாதம் வருகிறது: யாரெல்லாம் முழுக் குடிமக்கள்? சந்தேகப் பட்டியலில் யார் யார் தெரியுமா? புராட்டஸ்டன்டுகள், யூதர்கள், தூக்குப் போடுபவர்கள், நடிகர்கள். தூக்குப் போடுபவனும் நாங்களும் ஒரே வரிசை! புராட்டஸ்டன்டுகளுக்கும் நடிகர்களுக்கும் அந்த மாதமே கதவு திறந்தது, யூதர்களை மட்டும் தள்ளிப்போட்டார்கள். அதாவது கொலோ நாற்பது வயது வரை பாதி மனிதன். அந்த மனிதனுக்குப் புரட்சி என்பது புத்தகத்தில் படித்த சித்தாந்தம் இல்லை.

அப்புறம் கூவல் விஷயம். என்னையும் ஒருமுறை கூவி இறக்கியிருக்கிறார்கள். இரண்டாம் காட்சியில் வசனம் மறந்துவிட்டது, திரைக்குப் பின்னால் எடுத்துக்கொடுக்க வேண்டியவர் பீடி பிடிக்கப் போய்விட்டார். முதல் வரிசையில் ஒருவர் செருப்பைக் கழற்றித் தரையில் தட்ட ஆரம்பித்தார், அப்புறம் அரங்கமே தட்டியது. அந்த 'டப் டப்' இன்றைக்கும் காதில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறுநாள் நான் தேடியது செருப்புக்காரரை இல்லை, பீடிக்காரரை.

---

கடைசிபெஞ்ச்

அரிதாரம் ஐயா, கடைசி வரிக்குச் சிரித்துவிட்டேன். வாபஸ், பாதி மட்டும்.

---

உப்புக்காற்று

நான் எதிர்ப்பக்கம் பேசப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த இழை மெல்ல மெல்ல வேறு பக்கம் சாய்கிறது. "நடிகன் என்பதால் அவதூறு" என்று நிறுவிவிட்டு, அந்த வேகத்தில் ஆளையே கழுவி எடுத்துவிடுகிறீர்கள்.

கொலோ லியோனில் வெறும் ஆணையை நிறைவேற்றிய குமாஸ்தா இல்லை. பாரிஸில் உட்கார்ந்து அந்த ஆணைக்குக் கைதூக்கிய அரசாங்கமே அவர்தான். அந்த ஊரின் தொழிலாளர்களில் பெரும்பகுதியைப் பிடுங்கி நாடு முழுக்கச் சிதறடித்துவிடலாம், அப்போதுதான் திருந்துவார்கள் என்று பாரிஸுக்குக் கடிதம் எழுதினவரும் அவரே. பல்லாயிரம் நெசவாளர் குடும்பங்கள்! ஏழைகளின் பெயரால் வந்த புரட்சி, ஏழைகளையே நாற்று மாதிரிப் பிடுங்கி நட யோசிக்கிறது.

பீரங்கிச் சாவுகளுக்குப் பிறகு லியோன்வாசிகள் பாரிஸுக்கு மனுக் கொண்டு போனார்கள். உடனே கொலோ தலைநகருக்கு ஓடினார். 1793 டிசம்பர் 20 வாக்கில் போய்ச் சேர்ந்து, கன்வென்ஷனிலும் ஜாக்கோபின் சங்கத்திலும் பேசி, நடந்தது சரி என்று ஒப்புக்கொள்ள வைத்தார். இங்கேதான் அந்த நடிகர் வருகிறார் என்று நான் சொல்வேன். பழிவாங்குவதில் இல்லை, பேசி ஒப்பேற்றுவதில். ஒரு நாள் முந்தித் தயங்கிய அவை அவர் குரலைக் கேட்டுத் தயக்கத்தை விட்டது. இருபது வருட மேடைப் பழக்கம் அதற்குத்தான் பயன்பட்டது.

---

மேடைப்பூனை

உப்புக்காற்று சொல்வது உறைக்கிறது. கடிதத்தை நான் வேண்டுமென்றே விடவில்லை. ஆனால் விட்டேன் என்பது உண்மை.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கொலோ டிசம்பரில் கிளம்பிவிட்டார். கொலைகள் நிற்கவில்லை. ஃபூஷே அங்கேயே இருந்து அடுத்த வசந்தம் வரை வேலையைத் தொடர்ந்தார். அந்த ஃபூஷே பிறகு என்ன ஆனார்? நெப்போலியனின் காவல்துறை அமைச்சர், அப்புறம் ஒத்ராந்த் பிரபு, கடைசியில் திரும்பி வந்த அரசரிடமே கொஞ்ச நாள் மந்திரி. லியோன் படுகொலை என்றால் மக்கள் நினைவில் முதலில் வருவது கூவி விரட்டப்பட்ட நடிகர், இவர் இல்லை.

சரி, லியோனுக்கு முந்தைய கொலோவையும் கொஞ்சம் பார்ப்போம். இல்லாவிட்டால் ஆள் பாதிதான் தெரிவார். 1790 ஆகஸ்டில் நான்சி நகரில் சிப்பாய்க் கலகம். சம்பளக் கணக்கை அதிகாரிகள் காட்டவில்லை என்பதுதான் ஆரம்பம். ஷத்தோவியூ என்ற சுவிஸ் படைப்பிரிவிலிருந்து 41 பேரைச் சங்கிலி போட்டு பிரெஸ்ட் துறைமுகத்தின் கடுங்காவலுக்கு அனுப்பினார்கள். கொலோ இவர்களுக்காக மாதக்கணக்கில் கத்தினார், எழுதினார், வசூல் செய்தார். கடைசியில் விடுதலை. 1792 ஏப்ரல் 15ல் பாரிஸில் அவர்களுக்கு விழா. கவிஞர் ஆந்த்ரே ஷெனியே இந்த விழாவைக் கிழித்துத் தொங்கவிட்டு எழுதினார். ஆனால் தெருவில் கொலோவின் பெயர் அன்றைக்குத்தான் பரவியது.

அதற்கும் முன்னால் அந்தப் பஞ்சாங்கம். 1791ல் ஜாக்கோபின் சங்கம் ஒரு போட்டி வைத்தது: புதிய அரசியல் சட்டத்தைக் கிராமத்து மக்களுக்குப் புரியவைக்கிற மாதிரி ஒரு பஞ்சாங்கம் எழுத வேண்டும். கொலோ ஜெயித்தார். மிஷேல் ஜெரார் என்று நிஜமாகவே ஒரு பிரெத்தோன் விவசாயி எம்.பி. இருந்தார், கிராமத்து உடையிலேயே அவைக்கு வருவார். கொலோ அவரையே பாத்திரமாக்கிவிட்டார். 'ஜெரார் பெரியவர்' ஊர் திரும்புகிறார், ஊரார் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள்: சட்டம் என்றால் என்ன, வரி யாருக்கு, ராஜா எதற்கு? பெரியவர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பிரசங்கம் இல்லை, உரையாடல். கிராமத்து ரசிகன் எங்கே கொட்டாவி விடுவான் என்று தெரிந்தவர் கை. பதிப்பு மேல் பதிப்பு ஓடியது, வேறு மொழிகளுக்கும் போனது.

வேடிக்கை என்னவென்றால் அதில் அரசரை ஒதுக்கவே இல்லை. சட்டத்துக்கு உட்பட்ட ராஜா நல்ல ராஜா என்கிற கட்சிதான். பத்து மாதம்கூட ஆகவில்லை. 1792 ஆகஸ்ட் 10ல் அரண்மனை விழுகிறது, கொலோ புரட்சி நகராட்சியில் இருக்கிறார். செப்டம்பர் 21, கன்வென்ஷனின் முதல் நாட்களிலேயே எழுந்து, முடியாட்சியை ஒழிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறார். பாதிரியார் கிரெகுவார் வழிமொழிகிறார். நிறைவேறுகிறது. ஆயிரம் வருட ராஜாங்கத்துக்குத் திரை போட எழுந்தது ஒரு நாடோடி நடிகர்.

---

கேள்விக்குறி

பத்து மாதத்தில் ராஜா விசுவாசி, ராஜா ஒழிப்பாளர் ஆகிறாரா? இது வேடம் மாற்றுவது இல்லையா?

---

வக்கீல்சார்

ஊரே மாறிய பத்து மாதம் அது. ராஜா தப்பியோட முயன்று பிடிபட்டது 1791 ஜூனில். அதற்குப் பிறகும் சட்டத்துக்குட்பட்ட முடியாட்சியை நம்பியவர்கள் ஏராளம், ரோபெஸ்பியரே அப்போது குடியரசு என்று கொடி பிடிக்கவில்லை. கொலோவை மட்டும் பச்சோந்தி என்றால் மற்றவர்களை என்னவென்று சொல்வது? மறுபடியும் அதே தராசுதான்: வக்கீல் கருத்தை மாற்றினால் பரிணாம வளர்ச்சி, நடிகன் மாற்றினால் வேஷம்.

---

கடைசிபெஞ்ச்

அது சரி, நடிகர் அரசியலுக்கு வருவது என்றதும் நான் ஒரு பட்டியலே போடுவேன்...

---

நெறியாளர்

போடாதீர்கள். அதற்கு வேறு இழை இருக்கிறது, ஏற்கெனவே பூட்டியும் வைத்திருக்கிறோம். இங்கே பேச்சு பிரான்சோடு நிற்கட்டும்.

---

கடைசிபெஞ்ச்

உத்தரவு எஜமான். அப்படியென்றால் பிரான்சுக்குள்ளேயே கேட்கிறேன். இவர் மட்டும்தானா நடிகர்?

---

அரிதாரம்60

இல்லை தம்பி. ஃபாப்ர் தெக்லாந்தின் இருக்கிறார். அவரும் நாடோடி நடிகர், பாட்டு எழுதுவார். புரட்சி நாட்காட்டியின் மாதங்களுக்குத் தெர்மிடோர், ப்ரேரியால், ஜெர்மினால் என்று பெயர் வைத்தது அவர்தான். 1794 ஏப்ரல் 5ல் தாந்தோனோடு சேர்த்து அவர் தலையும் போனது. அப்புறம் கிளேர் லகோம்ப் என்ற நடிகை. 1793ல் பெண்களுக்கென்று ஒரு புரட்சிச் சங்கத்தை நடத்தியவர்களில் முக்கியமானவர். அந்த அக்டோபரில் பெண்கள் சங்கங்களையே தடை செய்துவிட்டார்கள். அவர் சிறைக்குப் போய் வந்து மறுபடி மேடைக்கே திரும்பினார்.

நடிகர் கும்பல் ஏன் இவ்வளவு? என் அனுபவத்தில் சொல்கிறேன். அன்றைக்கு ஒலிபெருக்கி கிடையாது. 700 பேர் கூச்சல் போடும் அவையில் பேச வேண்டும். கடைசி வரிசைக்குக் குரல் போக, வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும், வாக்கியக் கடைசியை விழுங்கக்கூடாது, எங்கே நிறுத்தினால் அவர்களாகவே கைதட்டுவார்கள் என்று தெரிய வேண்டும். ரோபெஸ்பியர் குரல் மெலிசு, தாளைப் பார்த்துப் படிப்பவர். கொலோவுக்கு இடிக்குரல், அதை அவர் எதிரிகளும் ஒப்புக்கொள்கிறார்கள்.

---

உப்புக்காற்று

அந்தக் குரலின் கடைசிக் காட்சிதான் எனக்குப் பிடித்தது. மேடைப்பூனை, அதை எழுதுங்கள்.

---

மேடைப்பூனை

எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒரு படிக்கட்டு.

1794 மே 22 இரவு. கொலோ வீடு ஃபவார் தெருவில், பக்கத்திலேயே நாடக அரங்கு (ஆள் எங்கே போனாலும் அரங்கு வாசலிலேயே குடியிருக்கிறார் பாருங்கள்). அதே கட்டடத்தில் அத்மிரா என்றொருவர் குடியிருக்கிறார். பகல் முழுக்க ரோபெஸ்பியரைச் சுடக் காத்திருந்து, அவர் சிக்காததால், வீட்டுக்கு வந்து படிக்கட்டில் கொலோவுக்காக உட்கார்ந்துவிட்டார். நள்ளிரவு தாண்டி கொலோ வருகிறார். இரண்டு கைத்துப்பாக்கியும் அத்மிராவுக்குக் கைகொடுக்கவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த ஜெஃப்ருவா என்ற பூட்டுத் தொழிலாளி தோளில் குண்டு வாங்கினார். மறுநாள் ரோபெஸ்பியர் வீட்டு வாசலில் செசில் ரெனோ என்ற இளம் பெண் பிடிபடுகிறாள். இரண்டையும் ஒரே சதி என்று முடிச்சுப் போட்டு, ஜூன் 17ல் 54 பேரை, தந்தையைக் கொன்றவர்களுக்குப் போடும் சிவப்புச் சட்டையை மாட்டிக் கில்லட்டினுக்கு அனுப்பினார்கள். அதில் பெரும்பாலோருக்கு அத்மிரா யார் என்றே தெரியாது.

இப்போது ஜூலை. ரோபெஸ்பியருக்கும், அவரோடு அதே குழுவில் இருந்த கொலோ, பியோ-வரென் இருவருக்கும் ஆகவில்லை. ஜூலை 26 மாலை ஜாக்கோபின் சங்கத்தில் இருவரும் பேச எழுந்தபோது, 'கில்லட்டினுக்குப் போ' என்று கத்தி வெளியே தள்ளினார்கள். இரண்டு மாதம் முந்திதான் கொலோ உயிர் பிழைத்ததற்கு இதே மண்டபம் கொண்டாடியது. (கூவி இறக்கியது என்றால் இதுதான் கூவி இறக்கியது. லியோனில் இல்லை, பாரிஸில், சொந்தச் சங்கத்தில். வஞ்சக் கதை எழுதினவர்கள் ஏன் இதைப் பிடிக்கவில்லையோ.) அங்கிருந்து நேரே குழு அலுவலகத்துக்கு வருகிறார். ரோபெஸ்பியரின் கூட்டாளி சான்-ஜுஸ்ட் மேசையில் உட்கார்ந்து அமைதியாக எழுதிக்கொண்டிருக்கிறார். தலை தூக்கி, "சங்கத்தில் என்ன செய்தி?" என்கிறாராம். கொலோ அவர் கையைப் பிடித்து, நீ எங்கள் மேல்தானே குற்றப்பத்திரிகை எழுதுகிறாய் என்று பாய்ந்ததாகப் பிறகு வந்த நினைவுக்குறிப்புகளில் இருக்கிறது. விடியும்வரை அதே அறையில் ஒருவரையொருவர் முறைத்தபடி இருந்திருக்கிறார்கள்.

மறுநாள், ஜூலை 27, தெர்மிடோர் 9. கன்வென்ஷனுக்கு அந்த இரண்டு வாரத் தலைவர் யார்? கொலோ. மேசையில் மணி. சான்-ஜுஸ்ட் பேச ஆரம்பித்ததும் தாலியென் என்ற உறுப்பினர் குறுக்கிடுகிறார். ரோபெஸ்பியர் மேடையேறுகிறார். கொலோ மணியை அடிக்கிறார். ரோபெஸ்பியர் வாயைத் திறக்கிறார், மணி. மறுபடி, மணி. களைத்தபோது நாற்காலியைத் துரியோ என்ற உறுப்பினரிடம் கொடுத்தார், அவரும் அதே மணியை அடித்தார். ரோபெஸ்பியர் கடைசிவரை ஒரு பேச்சும் பேசி முடிக்கவில்லை. அடுத்த நாள் மாலை தலை இல்லை.

---

அரிதாரம்60

அந்த மணியைப் படித்ததும் புல்லரித்துவிட்டது. எதிர் நடிகனின் வசனத்தை வாயிலேயே நிறுத்துவது எப்படி என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். இடிக்குரல்காரர் அன்றைக்குத் தன் குரலைப் பயன்படுத்தவே இல்லை.

---

கேள்விக்குறி

அப்போது கொலோ ஜெயித்தார் என்றுதானே அர்த்தம்?

---

வக்கீல்சார்

எட்டு மாதத்துக்கு. மணியடித்து விழுத்தியதும், பயங்கர ஆட்சிக்கு, அதாவது அந்தக் கில்லட்டின் காலத்துக்கு, பொறுப்பேற்க ஒரு தலை போதாது என்று எல்லாருக்கும் தோன்றிவிட்டது. ஆகஸ்ட் கடைசியிலேயே லெகுவாந்த்ர் என்ற கன்வென்ஷன் உறுப்பினர் குற்றச்சாட்டு வைத்தார், முதலில் தள்ளுபடி. டிசம்பரில் காரியேயின் தலை போனது. அடுத்து கொலோ, பியோ-வரென், பரேர், வதியே நால்வர் மேல் விசாரணை. 1795 ஏப்ரல் 1ல் ரொட்டி கேட்டுக் கூட்டம் அவைக்குள் புகுந்தது. அந்தச் சூட்டோடு, முறையான வழக்கு முடியாமலே நாடு கடத்தல் உத்தரவு. வதியே தலைமறைவு. மற்ற மூவரையும் ஒலெரோன் தீவுக்குக் கொண்டுபோனார்கள். கப்பல் கிளம்பியபோது பரேர் அதில் இல்லை, பிறகு தப்பியும் விட்டார். காற்றடிக்கும் பக்கம் சாயும் பரேர் முதன்முறையாகக் காற்றைத் தவறவிட்டார் என்று பாரிஸில் நக்கல் அடித்தார்களாம்.

கொலோவும் பியோ-வரென்னும் பிரெஞ்சு கயானாவுக்குப் போனார்கள். கொலோ 1796 ஜூன் 8ல் கயேனில் காய்ச்சலில் இறந்தார். வயது 46.

---

கடைசிபெஞ்ச்

காய்ச்சலில் ஒரு பாட்டில் ரம் முழுவதையும் குடித்துச் செத்தார் என்று ஒரு இடத்தில் பார்த்தேனே? சுமந்து போன கறுப்பர்கள் நடுவழியில் போட்டுவிட்டுப் போனார்கள் என்றும்?

---

உப்புக்காற்று

அதுவும் கூவல் கதையின் தம்பிதான் என்று நினைக்கிறேன். குடிகார நடிகன், கேட்பாரற்ற சாவு, பார்த்தாயா கடவுளின் தண்டனை என்று முடிகிற கதை. அந்தக் காலனியில் மஞ்சள் காய்ச்சலில் சாக ரம் தேவையில்லை, கப்பலிலிருந்து இறங்கினாலே போதும்.

எனக்கு அந்தக் கடைசிக் காட்சியில் தோன்றுவது வேறு. 1794 பிப்ரவரி 4ல் காலனிகளில் அடிமைத்தனத்தை ஒழித்தது இவர்கள் காலத்துக் கன்வென்ஷன்தான். அந்தச் சட்டத்தால் விடுதலையான மனிதர்கள் நடமாடும் கயானாவுக்கு, கைதியாக இவர் போய் இறங்குகிறார். நான் இதில் எதையும் கழுவவில்லை. புரோத்தோ வெளியும் இதே கன்வென்ஷன்தான். இரண்டுக்கும் கைதூக்கிய கை ஒன்று, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பியோ-வரென் அங்கேயே இருபது வருடம் பயிர் வைத்துப் பிழைத்தார். நெப்போலியன் மன்னிப்பு கொடுத்தபோதும் வேண்டாம் என்றுவிட்டார். 1819ல் ஹெய்ட்டியில் இறந்தார்.

---

மேடைப்பூனை

இழையின் முதல் பதிவில் நான் கேட்டது "உண்மையா, கட்டிவிட்டதா" என்று. கூவல் கதையை நான் இனி சொல்ல மாட்டேன். ஆனால் உப்புக்காற்று எழுதிய அந்த நெசவாளர் கடிதத்தையும் இனி விட மாட்டேன். முதல் பதிவில் சேர்த்துவிடுகிறேன்.

வேறொரு யோசனை. அந்தப் பஞ்சாங்கத்தின் உரையாடல்களில் ஒன்றிரண்டைத் தமிழில் கொண்டுவந்து, இங்கே இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இணைய அழைப்பில் வேடம் பிரித்து வாசித்தால் என்ன? காட்சி, உடை ஒன்றும் வேண்டாம். ஊரார் நாலைந்து பேர், ஜெரார் பெரியவர் ஒருவர்.

---

வக்கீல்சார்

நான் வரி பற்றிக் கேட்கும் விவசாயி. அந்தக் கேள்வி எனக்கு இயல்பாக வரும்.

---

கடைசிபெஞ்ச்

நான் பார்வையாளர். கூவ மாட்டேன், சத்தியம்.

---

அரிதாரம்60

ஜெரார் பெரியவர் எனக்கு. வயதும் பொருந்துகிறது, பல் செட்டும் புதிது. ஒரே நிபந்தனை மேடைப்பூனை தம்பி: ராஜாவைப் புகழும் இடம் வரும், அதை வெட்டக்கூடாது. பத்து மாதம் கழித்து என்ன ஆகும் என்று எழுதும்போது அவருக்குத் தெரியாது. நானும் தெரியாத மாதிரியேதான் படிப்பேன்.